மூடி

கவுண்டர் கண்ணாடிக்கு அப்பால்
ஓரலியா பிராடோ நிற்கிறாள்.
நாற்காலித் தொழிற்சாலையில் இரவுப் பணி முடித்து
நேரே வந்திருக்கிறாள்.
ஜாக்கெட் கையில் இன்னும் மெத்தைப் பஞ்சு.
மூன்று தாள்களை வரிசையாக வைக்கிறாள்:
வங்கியின் கடிதம்,
டிசம்பர் முதல் தேதி நாங்கள் அனுப்பிய பில்,
வீடு விலைக்கு வந்தபோது அச்சிட்ட விளம்பரம்.
விளம்பரத்தில் ஓர் எண்ணைச் சுற்றிப் பச்சை மை.

“ஆண்டு வரி ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தெட்டு.
இப்படித்தானே போட்டிருந்தது?
இப்போது ஆறாயிரத்து முந்நூறு என்கிறீர்கள்.
அந்த வீட்டில் நான்
ஒரு ஆணிகூட அடிக்கவில்லையே.”

எண் பொய்யில்லை.
ஆனால் அது வீட்டின் வரி அல்ல,
வீட்டில் இருந்தவளின் வரி.
அர்லீன் ஹூக்ஸ்ட்ரா முப்பது வருடம்
அந்த வாசலில் பனி தள்ளினாள்.
ஏரிக்கரை விலைகள் கொதித்து ஏறியபோதெல்லாம்
அவள் மதிப்பின் மேல் சட்டம் ஒரு மூடி வைத்திருந்தது:
விலைவாசி அளவுக்கு மட்டும்
கொஞ்சம் ஆவி விடுகிற மூடி.
வீடு கைமாறியது.
அடுத்த ஜனவரியில் மூடி கழன்றது.
முப்பது வருட ஆவியும்
புதிதாய் வந்தவள் முகத்தில்.

கூரைக்கு என்ன வயது என்று கேட்டார்களாம்.
நிலவறையில் தண்ணீர் ஊறுமா,
ஹீட்டர் எப்போது மாற்றியது,
பக்கத்து நாய் கடிக்குமா,
எல்லாம் கேட்டார்களாம்.
வரிக்கு என்ன வயது என்று
கேட்கத் தோன்றவில்லை.
யாருக்குத்தான் தோன்றும்?

பில்லை என் பக்கம் திருப்புகிறேன்.
ஒவ்வொரு வரியும் ஒரு வரி:
நூலகம், தீயணைப்பு, பேருந்து,
பள்ளிக் கட்டடக் கடன், மறுபடி பள்ளி.
அந்த இரண்டாவது பள்ளியில் என் விரல் நிற்கிறது.
“நீங்கள் குடியிருக்கும் வீடு இது என்று
படிவம் தரவில்லையா?”
“என்ன படிவம்?”

சாவி வாங்கிய அன்று
எழுபது கையெழுத்துப் போட்டிருப்பாள்.
எழுபத்தொன்றாவது தாளை யாரும் நீட்டவில்லை.
அதற்கு விலை
ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு டாலர்.
அவள் நின்றபடியே எழுதுகிறாள்,
பேனா கண்ணாடியில் கட்டிய சங்கிலியை இழுக்க.
“அடுத்த வாரம் குழு கூடுகிறது.
இந்த ஆண்டுக்கும் சேர்த்துக் கேளுங்கள். கிடைக்கும்.”

“அப்புறம் எவ்வளவு?”

நான்காயிரத்து நானூற்றுப் பத்து.
மெதுவாகச் சொன்னாலும் குறையாத எண்.
அவள் உதடு அசைகிறது,
பன்னிரண்டால் வகுக்கிறாள்.
வாரத்துக்கு இன்னொரு ஷிஃப்ட் என்று
விடை வந்திருக்க வேண்டும்.

“நீங்களும் இந்தப் பக்கம்தானா?”
“வில்லோ தெரு.”
“எங்களுக்குப் பின் தெரு!”
முதல்முறையாகச் சிரிக்கிறாள்.

நான் சொல்லாதது இது:
என் வீடும் அவள் வீடும்
ஒரே ஆள் ஒரே வரைபடத்தில் கட்டியவை,
இடம் வலம் மட்டும் மாற்றி.
என் சமையலறை ஜன்னலில் நின்றால்
அவள் சமையலறை ஜன்னல்.
நான் கட்டுவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம்.
மாடிப்படி ஏறினால் முட்டி வலிக்கிறது.
சின்ன வீடு பாரம்மா என்கிறான் மகன்.
பார்த்தேன். இரண்டு அறை, படி இல்லை,
வரி மட்டும் இதைப்போல் இரண்டு மடங்கு.
மூடிக்குள் இருப்பவளுக்கும்
வெளியே வர வழியில்லை
என்று சொன்னால் அவளுக்கு ஆறுதலா?
வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

முத்திரை குத்துகிறேன்.
“பிப்ரவரி பதினாலு கடைசி நாள்.”
“காதலர் தினமா?”
“ஆமாம். நாங்கள் வைத்ததில்லை.”

இரவு பனி அள்ளும் வண்டி வந்தது.
முதலில் அவள் தெரு, பிறகு என் தெரு.
இரண்டு வாசலிலும்
ஒரே உயரத்துக்கு மேடு போட்டுவிட்டுப் போனது.
பின் ஜன்னலில் விளக்கு எரிந்தது.
ஷிஃப்டுக்குக் கிளம்புகிறாள் போலும்.
நான் என் விளக்கை அணைத்துவிட்டு
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.